அம்மிணி: யார், யாரை, எந்த வினையோடு?

கேள்வி: சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு அறுபதை ஒட்டிய வயது. செக்கிங்கில் இருக்கும் பெண்களை "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார். யாரும் முகம் சுளித்ததில்லை. இந்த ஊர் மரியாதை இதுதான் போல என்று நானும் போன வாரம் ஒரு பெண்ணை "அம்மிணி, இங்க வா" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் அதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது மரியாதைச் சொல்லா, இல்லையா? தமிழ் நன்றாக எழுதுவேன் என்பதால் நோட்டீஸ், வேலை உத்தரவு எல்லாம் என் தலையில்தான் விழுகிறது. அவற்றில் இளம்பெண்களை எப்படிக் குறிப்பிடுவது? முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையும் பிழை பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். திருவளர்செல்வியா, திருவளர்ச்செல்வியா?
- வாசகர், திருப்பூர்

பதில்: மரியாதைச் சொல்தான். ஆனால் தனியாக நின்று மரியாதை தரும் சொல் இல்லை அது. பின்னால் வருகிற வினைமுற்றுதான் அதைத் தூக்கி நிறுத்தும், இல்லையென்றால் கவிழ்த்துவிடும். நாளைக்கு உங்கள் மாஸ்டர் பேசுவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "அம்மிணி, இக்கட்டால (இந்தப் பக்கம்) வாங்க", "அந்தப் பண்டல எடுத்துக் குடுங்கம்மிணி", "சாப்டீங்களா அம்மிணி" என்று பேசுவார். நீங்கள் அவருடைய பெயர்ச்சொல்லை எடுத்துக்கொண்டு வினையை உங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்துவிட்டீர்கள். "அம்மிணி" வந்ததும் "வாங்க" வரும் என்று எதிர்பார்த்த காதில் "வா" விழுந்தது. சிரிப்புக்குப் பாதிக் காரணம் அது. மீதிப் பாதி உங்கள் வயது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். அம்மா என்பதிலிருந்து கிளைத்த சொல் இது. எழுத்துத் தமிழில் "அம்மணி". கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, உடுமலை, கோபி வட்டாரப் பேச்சில் "அம்மிணி", சில வாய்களில் "அம்முணி". பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அம்மிணி என்பது பெண்ணுக்கு வைக்கும் பெயராகவே இருக்கிறது. திம்பம் மலையேறி மைசூர்ப் பக்கம் போனால் அரச குடும்பத்துப் பெண்களின் பெயர் முடிவில் "அம்மண்ணி" நிற்கும். திருவண்ணாமலைக் கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். அதைக் கட்டி முடித்ததாகச் சொல்லப்படும் பெண் துறவி அம்மணி அம்மாள். ஆக, பெண்ணை உயர்த்திச் சொல்லும் குடும்பத்தில் பிறந்த சொல். கொங்கில் அது வயதில் இறங்கி, இளையவளை மதிப்போடும் செல்லத்தோடும் விளிக்கும் சொல்லாக நிலைத்தது. ஆண் பிள்ளைக்கு "அப்புனு" எப்படியோ, பெண் பிள்ளைக்கு "அம்மிணி" அப்படி.

இங்கே யார் யாரை அப்படி அழைக்கிறார்கள் என்று பாருங்கள். அப்பாவும் அம்மாவும் மகளை அழைக்கிறார்கள். அப்பிச்சி (தாய்வழித் தாத்தா) பேத்தியை அழைக்கிறார். அண்ணன் தங்கையை அழைப்பதுண்டு. சில வீடுகளில் கணவர் மனைவியையும் அப்படித்தான் கூப்பிடுவார். வீட்டுக்கு வெளியே, தலை நரைத்தவர் ஜவுளிக்கடைப் பெண்ணிடம் "இதுல இன்னும் கொஞ்சம் நீளம் எச்சா இருக்குதுங்களா அம்மிணி?" என்பார், பஸ்ஸில் ஒரு பெரியம்மா "அம்மிணி, தள்ளி உக்காருங்க" என்பார். இந்த எல்லா இடத்திலும் ஒன்று பொது: கூப்பிடுகிறவர் மூத்தவர், அல்லது வீட்டு ஆள். வயதோ உறவோ அந்த உரிமையைக் கொடுக்கிறது. உங்களுக்கு அந்தப் பெண்ணைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். உறவும் இல்லை. ஏறத்தாழ ஒத்த வயது ஆண், அந்நியப் பெண்ணை "அம்மிணி" என்றால் இங்கே அது கிண்டலாகவோ, வழிவதாகவோதான் காதில் விழும். கோயமுத்தூர்ப் பேச்சை வைத்துச் சிரிப்பு மூட்டும் சினிமா வசனங்களும் ரீல்ஸ்களும் இந்தச் சொல்லை அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போய்விட்டன. மாஸ்டர் வாயில் வாத்சல்யமாக இருப்பது உங்கள் வாயில் வேறாக மாறுவது இதனால்தான்.

வயதில் மூத்த பெண்ணை இளையவர் "அம்மிணி" என்று அழைப்பது அறவே கிடையாது. பெண்ணும் பெண்ணும், ஒத்த வயதுத் தோழிகள், விளையாட்டாகச் சொல்லிக்கொள்வார்கள். அதில் நீங்கள் சேர முடியாது. உங்களைப் போல வெளியூரிலிருந்து வந்து மேற்பார்வை வேலையில் இருக்கிற ஆணுக்கு என் யோசனை ஒரே வரிதான்: அந்தச் சொல்லைக் கேட்டு ரசியுங்கள், நீங்கள் பயன்படுத்த வேண்டாம். இன்னும் முப்பது வருடம் இங்கேயே இருந்தால் தானாக வரும்.

அதற்குப் பதிலாகக் கற்றுக்கொள்ள வேண்டியது "ங்க". உங்கள் ஊரிலும் "வாங்க, போங்க" உண்டு. ஆனால் அங்கே அது பெரும்பாலும் வினையோடு நின்றுவிடும். கொங்கில் எந்தச் சொல்லின் வாலிலும் ஒட்டும். ஏனுங்க, ஆமாங்க, சரிங்க, இல்லீங்க, நானுங்க, நாளைக்குங்க, போறேனுங்க. வேகமாகப் பேசும்போது கடைசி அகரம் தேய்ந்து "சரிங்", "ஆமாங்" என்று மூக்கொலியில் நின்றுவிடும். பெற்ற பிள்ளையையே "வாங்க கண்ணு, சாப்புடுங்க சாமி" என்று பேசும் வீடுகள் இங்கே நிறைய. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வேலைக்கு வருகிற பெண்ணுக்கு, நீங்கள் இயல்பாகச் சொல்லும் "ஏம்மா, அத எடு" வெட்டிப் போட்டது போல இருக்கும். தஞ்சாவூரில் அதே வாக்கியம் பாசம். நீங்கள் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்பது வாக்கியத்தில் தெரியாது; "ங்க" இருந்தால் தெரியும்.

அழைப்பதற்குச் சரியான வழி: பெயர், பின் "ங்க" சேர்ந்த வினை. "கவிதா, அந்தப் பண்டல் முடிஞ்சுதுங்களா?" போதும். பெயர் தெரியாவிட்டால் "ஏனுங்க" என்று தொடங்குங்கள், அதுவே விளிச்சொல். "ஏனுங்க, இந்தப் பீஸ்ல தையல் விட்டிருக்குது, கொஞ்சம் பாருங்க." உங்களைவிட மூத்த பெண்களுக்கு "அக்கா" சேர்த்துக்கொள்ளலாம்: "ஏனுங்கக்கா". ஐம்பதைக் கடந்தவர்களுக்கு "அம்மா": "சொல்லுங்கம்மா". வந்த முதல் வாரத்திலேயே உங்கள் லைனில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் மனப்பாடம் செய்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. டெய்லர், செக்கர், கைமடி (டெய்லரின் உதவியாள்) என்று வேலையின் பெயரால் கூப்பிடும் பழக்கம் லைனில் உண்டு. "ஏ கைமடி" என்று கத்துவதைக் கேட்டுப் பழகிவிடாதீர்கள்.

தவிர்க்க வேண்டியவை சில, மரியாதை போலத் தோன்றுவதாலேயே சொல்கிறேன். "இந்தாம்மா" - கேட்கத் தணிவாக இருக்கும், உள்ளே அதட்டல் இருக்கும். "பாப்பா" - இருபத்திரண்டு வயதில் வீட்டுச் செலவைத் தாங்குகிற பெண்ணைக் குழந்தையாக்குகிறது. "புள்ள" - வீட்டுக்குள் சரி, "ஏ புள்ள" என்று ஆலைக்குள் வேண்டாம். "கண்ணு" - ஆண் பெண் வித்தியாசம் பாராத அழகான சொல். ஆயாக்கள் உங்களையே அப்படி அழைப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்காதீர்கள். "சிஸ்டர்" பரவாயில்லை, ஆனால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். "மேடம்" மேலதிகாரிக்கு மட்டும் என்று ஆகிவிட்டதால், செக்கிங் பெண்ணை "மேடம்" என்றால் கேலி செய்வதாகவே நினைப்பார்.

ஆளில்லாதபோது குறிப்பிடுவதிலும் மூன்று படி இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. "கவிதா வந்தாளா?" என்பது கீழ்ப்படி, வீட்டுக்குள் மட்டும். "கவிதா வந்துச்சா?" என்பது நடுப்படி. அஃறிணை முடிவு என்று இலக்கணம் சொல்லும், ஆனால் பேச்சில் அது இளையவள் மேல் உள்ள பாசத்தைக் காட்டும்; "அம்மிணி வந்துச்சுங்களா?" என்று மாஸ்டர் கேட்பது இந்த வகை. "கவிதா வந்தாங்களா?" மேல்படி. உங்களுக்கு மூன்றாவது மட்டும். நீங்கள் எப்படிக் குறிப்பிட்டீர்கள் என்பது அரை மணியில் அவர் காதுக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த "ங்க" எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஆபீஸ் பெண்ணுக்கு "வாங்க அம்மிணி" என்று குழைகிற அதே வாய், கூட்டிப் பெருக்க வருகிற, அவர் தாய் வயதுப் பெண்ணை "வா, போ" என்று விரட்டும். சாதியும் கூலியும்தான் அங்கே இலக்கணம். ஊர் வழக்கு என்று அதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். வேலைத்தளத்தில் ஆளைப் பார்த்து வினைமுற்றை மாற்றாத சூப்பர்வைசருக்குப் பேச்சால் வருகிற சண்டையில் முக்கால்வாசி வராது.

நடந்ததைச் சரிசெய்ய நீண்ட விளக்கம் வேண்டாம். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதும் வேண்டாம், தனி அறைக்குக் கூப்பிட்டும் வேண்டாம். டீ நேரத்தில், நாலு பேர் பார்வையில் ஆனால் நாலு பேர் காதில் விழாத தூரத்தில், "அன்னைக்கு அப்படிக் கூப்பிட்டது தப்புங்க, இனிமே பேர் சொல்லியே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். "மாஸ்டர் சொல்றாரேன்னு..." என்று ஆரம்பித்தால் மன்னிப்பு வாதமாகிவிடும். அவர் பதில் சொல்லாவிட்டாலும் மறுபடி கேட்காதீர்கள். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற எந்த இடத்திலும் பெண்களின் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விரும்பத்தகாத பாலியல் தன்மையுள்ள பேச்சும் அதன் வரம்புக்குள் வரும். ஒரு தடவை தவறிய விளி அந்த அளவுக்குப் போகிற விஷயம் இல்லை. பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகும், ஒரு பெண்ணை மட்டும் குறிவைத்துச் செல்லப்பெயரில் அழைத்துக்கொண்டிருந்தால் நிலைமை வேறு.

இனி எழுத்து. பேச்சில் மரியாதை தரும் "அம்மிணி" எழுத்தில் "அம்மணி" ஆனதும் குணம் மாறிவிடும். சினிமாப் பத்திரிகைகள் நடிகைகளைப் பற்றி "அம்மணிக்குக் கோபமாம்", "அம்மணி அடுத்து தெலுங்குக்குத் தாவுகிறார்" என்று எழுதி எழுதி, அச்சில் அந்தச் சொல்லுக்கு ஒரு நமுட்டுச் சிரிப்பு ஏறிவிட்டது. எனவே "அம்மணிகள் கவனத்திற்கு" என்று நோட்டீஸ் போர்டில் எழுதிவிடாதீர்கள். எல்லாருக்குமான செய்தி என்றால் "பணியாளர்கள் கவனத்திற்கு". பெண்களுக்கு மட்டும் என்றால் "பெண் பணியாளர்கள்". ஓய்வறை, பேருந்து போன்ற பொது இடப் பலகைக்கு "மகளிர்" நல்ல சொல். அது பலரைக் குறிக்கும் பன்மை, ஒருவரை "மகளிர்" என்று எழுத முடியாது. ஆயுத பூஜை அழைப்பில் "மங்கையர், நங்கையர்" என்று அடுக்க ஆசை வரும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பவை பாட்டியல் என்னும் பழைய செய்யுள் இலக்கண நூல்கள் வயதை வைத்துப் பிரித்த பருவப் பெயர்கள். அந்தக் கணக்கில் மங்கை என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. நங்கை கொங்கில் இன்னும் சிக்கல்: இங்கே அது அண்ணி முறையைக் குறிக்கும் உறவுப்பெயர்.

வேலை உத்தரவு, எச்சரிக்கைக் கடிதம், பாராட்டுக் கடிதம் ஆகியவற்றில் திருமணமாகாத பெண்ணுக்கு "செல்வி", திருமணமானவருக்கு "திருமதி" என்பது நடப்பிலுள்ள வழக்கம். பழைய "குமாரி", "ஸ்ரீமதி" இரண்டும் வழக்கிலிருந்து பெரும்பாலும் போய்விட்டன. செல்வி என்றால் சின்னப் பெண் என்று நினைக்க வேண்டாம். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா அறுபதைக் கடந்த பிறகும் அரசுக் குறிப்புகளில் "செல்வி ஜெ. ஜெயலலிதா"தான். வயதை அது சொல்வதில்லை, திருமண நிலையை மட்டும் சொல்கிறது. சங்கடமும் அதில்தான். ஆணுக்கு "திரு" ஒன்றே போதுமாக இருக்கும்போது, பெண்ணுக்கு மட்டும் கல்யாணம் ஆனதா இல்லையா என்று கடித உறையில் எழுதுவானேன்? இதே காரணத்துக்காகத்தான் பிரான்ஸ் 2012இல், மணமாகாத பெண்ணுக்குப் போடும் "மத்மோசெல்" என்பதை அரசுப் படிவங்களிலிருந்து எடுத்தது. தமிழில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது: "திருமிகு". ஆண், பெண், மணமானவர், ஆகாதவர் எல்லாருக்கும் பொருந்தும். நிர்வாகம் ஒப்புக்கொண்டால் எல்லாக் கடிதத்திலும் "திருமிகு" என்றே போட்டுவிடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், சேர்க்கைப் படிவத்தில் அவரே என்ன குறித்திருக்கிறாரோ அதைப் போடுங்கள். கழுத்தையும் காலையும் பார்த்துத் தாலி, மெட்டி தேடி முடிவு செய்யக் கூடாது. கணவரைப் பிரிந்தவர், இழந்தவர், ஆலையில் நகை போடக் கூடாது என்பதால் கழற்றி வைத்தவர் என்று எத்தனையோ இருக்கும்.

நடைமுறையில் அடிக்கடி கெடுகிற இடம் கணினிப் பதிவு. "செல்வி" அடைமொழி மட்டும் இல்லை, கொங்கில் ஏராளமான பெண்களின் பெயரும்கூட. "செல்வி செல்வி" என்று எழுதுவது சரியே, ஆனால் தட்டச்சு செய்கிறவர் இரண்டில் ஒன்றைப் பிழை என்று நினைத்து வெட்டிவிடுவார். இன்னொருவர் "செல்வி கவிதா" என்று முழுவதையும் பெயர்க் கட்டத்திலேயே அடித்துவிடுவார். பிஎஃப் கணக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பணம் எடுக்கும்போது விண்ணப்பம் திரும்பி வரும். அந்தப் பெண் வேலை நாளை விட்டுவிட்டு அலைய வேண்டியிருக்கும். ஆகவே அடைமொழி கடிதத்தில் மட்டும், பெயர்க் கட்டத்தில் ஆதாரில் உள்ளபடி பெயர் மட்டும். கல்யாணமான செய்தி கேட்டதும் தகப்பனார் எழுத்தை எடுத்துவிட்டுக் கணவர் எழுத்தை நீங்களாகப் போடுவதும் இதே கோளாறைக் கொண்டுவரும். அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் மாற்றுங்கள். கடிதத்தின் உள்ளே "உங்கள்" என்ற முன்னிலையே போதும். "செல்வி அவர்களின் பணி" என்று ஒவ்வொரு வரியிலும் இழுக்க வேண்டாம்.

கடைசியாகப் பத்திரிகை. திருவளர்செல்வி என்பதே சரி, ச் வராது. வளர்செல்வி என்பது வினைத்தொகை: வளர்ந்த, வளர்கிற, வளரும் செல்வி என்று மூன்று காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய் என்கிறோம், ஊறுக்காய் என்பதில்லை. சுடுசோறு, சுடுச்சோறு ஆவதில்லை. "திருநிறைசெல்வி"க்கும் இதே விதி. வீட்டில் முதல் கல்யாணத்துக்கு "வளர்", கடைசிக் கல்யாணத்துக்கு "நிறை" போடுவது பல அச்சகங்களில் உள்ள வழக்கம். இலக்கணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, வீட்டாரிடம் கேட்டு அவர்கள் விருப்பப்படி விடுங்கள். "திருவளர்செல்வி" போட்ட பிறகு பெயருக்கு முன்னால் இன்னொரு "செல்வி"யோ "சௌ."வோ வேண்டாம். மணமகனுக்கு "சிரஞ்சீவி" என்றிருந்தால் மணமகளுக்குச் "சௌபாக்கியவதி" என்று வடசொல்லோடு வடசொல்லாகவும், "திருவளர்செல்வன்" என்றிருந்தால் "திருவளர்செல்வி" என்றும் ஜோடி சேருங்கள். பத்திரிகையில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஒரு பக்கம் ச் இருக்கும், மறுபக்கம் இருக்காது. மணமகன் பெயர் வரியையும் மணமகள் பெயர் வரியையும் அடுத்தடுத்து வைத்து ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.